பீரோவுக்குள் மகாமதி

மார்ட்டினை வேலையை விட்டு அனுப்பிய அன்று அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். கேக்கின் மேல் ‘மகாமதியே வருக’ என்று எழுதியிருந்தது. மகாமதி என்பது செயற்கை நுண்ணறிவு. ஒன்பது வருடமாக மார்ட்டின் செய்துவந்த நிரல் எழுதும் வேலையை இனி அதுதான் செய்யப்போகிறது. மேலாளர் ஆகாஷ் ஒரு பெரிய துண்டை எடுத்து மார்ட்டின் வாயில் ஊட்டிவிட்டுப் பேசத் தொடங்கினார்.

“மார்ட்டின், உங்கள நாங்க வேலைய விட்டுத் தூக்கல. வேலைகிட்டேருந்து உங்களுக்கு விடுதலை வாங்கிக் குடுக்குறோம். இது உங்க இழப்பு இல்ல, கம்பெனியோட வளர்ச்சி. வளர்ச்சியப் பாத்து யாராவது அழுவாங்களா?”

வாய் நிறைய கேக் இருந்ததால் மார்ட்டினால் பதில் சொல்ல முடியவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். பரிசோதனைப் பிரிவிலிருந்த அவன் மனைவி மெர்லினும் தட்டினாள். தட்டாதவர்களின் பெயரை ஆகாஷ் குறித்துக்கொள்வார் என்று அவளுக்குத் தெரியும். கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. இருவரில் ஒருவருக்காவது வேலை இருக்கட்டும் என்று அவளைச் சென்னையில் ஒரு விடுதியில் விட்டுவிட்டு, மார்ட்டின் மட்டும் சொந்த ஊரான வடக்கனந்தலுக்கு பஸ் ஏறினான். தனக்கு நேர்ந்தது அவளுக்கு நேரக்கூடாது என்பது ஒன்றுதான் வழி முழுக்க அவன் மனதில் ஓடியது.

வீட்டில் அப்பா தைரியநாதன் கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து, விஷயத்தைக் கேட்டார்.

“வண்டி மாட்டக்கூட பதினஞ்சி வருசம் வெச்சிக்கிறோம். உன்ன ஒம்போது வருசத்துல ஓட்டி வுட்டானா? இன்னாடா கம்பெனி அது?”

ஒரு மாதம் கழித்துக் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துச் சுவரில் அந்த விளம்பரத்தை மார்ட்டின் பார்த்தான். கல்வராயன் மலையிலுள்ள மகாமதி தரவு மையத்துக்கு ஆட்கள் தேவையாம். நிரல் அறிவு அவசியம், ஒல்லியானவர்களுக்கு முன்னுரிமை என்று போட்டிருந்தது. கடைசி வரி அச்சுப்பிழையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

அச்சுப்பிழை இல்லை. நேர்முகத் தேர்வு நடந்த கல்யாண மண்டபத்தில் யாரும் அவனிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஒரு தையல்காரர் டேப்பால் தோளை அளந்து, “பதினேழு” என்றார். மேசைக்குப் பின்னால் கறுப்பு பனியனும் தாடியுமாக உட்கார்ந்திருந்த சிவசங்கர் எழுந்து வந்து கை கொடுத்தார். அவர்தான் மகாமதியின் நிறுவனர். அட்டையில் ‘தலைமைத் தொலைநோக்காளர்’ என்று இருந்தது.

“நல்ல அளவு. கட்டிப்புடிச்சிக்கலாம் போல இருக்கு” என்றார்.

கச்சிராயபாளையம் வழியாக மலையேறிய வேன், வெள்ளிமலைக்கு முன்னால் ஒரு காட்டுப்பாதையில் இறங்கி, நீளமான கொட்டகையின் முன் நின்றது. முன்பு கோழிப்பண்ணையாக இருந்த இடம். வாடை இன்னும் போகவில்லை. வாசலில் ‘ஆசியாவின் முதல் மலைக்காற்றுக் குளிர்ச்சித் தரவு மையம்’ என்ற பலகை. உள்ளே இரண்டு வரிசையாக நாற்பது இரும்பு பீரோக்கள், கதவுகளில் நீல சீரியல் பல்புகள். ஒலிபெருக்கியில் பெரிய மின்விசிறி ஓடும் சத்தத்தைப் போட்டிருந்தார்கள். மின்விசிறி இல்லை.

ஒவ்வொரு பீரோவுக்குள்ளும் ஒரு ஸ்டூல், ஒரு கணினி, ஒரு ஆள்.

மார்ட்டினுக்கு முதலில் புரியவில்லை. பதினேழாம் நம்பர் பீரோவில் அவனை உட்காரவைத்து வெளியில் தாழ்ப்பாள் போட்ட பிறகு, திரையில் ஒரு வாடிக்கையாளரின் கேள்வி வந்து நின்றபோதுதான் புரிந்தது. உலகம் முழுக்கப் பேசுகிற மகாமதி வேறு யாரும் இல்லை, இந்த நாற்பது பேர்தான். மகாமதியால் வேலை போனவர்களையே மகாமதியாக வைத்திருந்தார்கள்.

“தகரத்துக்கு அந்தாண்ட யாருங்க?” என்று மெதுவாகக் கேட்டான்.

“பதினெட்டு. பேரு சர்புதீன். கள்ளக்குறிச்சி கடைவீதியில எங்க வாப்பாவுக்கு ஜவுளிக்கடை. நான் படிச்சவனாச்சேன்னு பெங்களூரு போனேன். மகாமதி வந்து என்ன இங்க தள்ளிச்சி.”

“பாய், நெஜமாவே மெஷினு ஒண்ணும் இல்லியா?”

“இருக்குதே, டீ மெஷினு. அதுவும் ரிப்பேரு.”

இயந்திரத்துக்குப் பாடம் சொல்லித்தர ஒரு முறை இருக்கிறது. சரியாகச் சொன்னால் வெகுமதி, தப்பாகச் சொன்னால் தண்டனை. மற்ற ஊர்களில் இதை எண்களால் செய்கிறார்கள். கல்வராயன் மலையில் மூங்கில் தாராளமாகக் கிடைப்பதால் மூங்கிலால் செய்தார்கள். இதற்கென்றே பொன்னுரங்கம் என்பவரை நியமித்திருந்தார்கள். போன வருடம் வரை கள்ளக்குறிச்சியில் தவணை கட்டாதவர்களின் வண்டியைப் பிடுங்கிவந்த மனிதர் இப்போது வலுவூட்டல் அதிகாரி. வாடிக்கையாளர் மகிழ்ந்தால் பீரோவின் தலையில் பச்சை விளக்கு எரியும். பொன்னுரங்கம் மேல் துவாரம் வழியாக ஒரு கடலை மிட்டாய் போடுவார். சிவப்பு எரிந்தால் முழங்காலுக்கு நேராக வெட்டியிருந்த துவாரம் வழியாகக் கம்பு வரும்.

முதல் நாளே மார்ட்டினுக்கு ஆறு அடி விழுந்தது. முழங்கால் சில்லில் விழுந்த ஐந்தாவது அடியில் கண் இருட்டி, தலை தகரத்தில் மோதியது.

“ஏங்க இப்டி அடிக்கிறீங்க?” என்று அலறினான்.

“இத அடின்னு சொல்லக்கூடாது, பின்னூட்டம்னு சொல்லணும்” என்றார் பொன்னுரங்கம். “எவனா அடின்னு சொன்னா அடிப்பேன்.”

சிவசங்கர் வாராவாரம் வந்து பீரோக்களுக்கு நடுவில் நடந்தபடி சொற்பொழிவு செய்வார். “நீங்க மனுஷனா இருந்தப்ப உங்கள யாராவது மதிச்சாங்களா? இப்ப பாருங்க. அதே ஆளு, அதே கோடு, அதே தப்பு. உலகமே மெரண்டு நிக்குது. உங்களுக்கு நான் செஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். உங்க மூஞ்ச மறைச்சேன்.” இதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கும். நாற்பது பீரோவும் உள்ளிருந்து கைதட்ட வேண்டும்.

தண்டனைக்கு அட்டவணை உண்டு. தப்பான பதிலுக்கு இரண்டு அடி. ‘தெரியாது’ என்ற பதிலுக்கு நான்கு, ஏனென்றால் மகாமதிக்குத் தெரியாதது கிடையாது. சர்புதீன் இதைத் தகரத்தின் வழியாக அவனுக்கு விளக்கினார். “தெரியாதுன்னு நெஜத்த சொன்னா நாலு. பொய்ய கூசாம சொன்னா ரெண்டு. மாட்டலன்னா மிட்டாய். அல்லா மேல ஆணையா, இங்க வந்தப்புறம் நான் தெரியாதுன்னு சொன்னதே கெடையாது பா.”

ஒரு மாதத்தில் கொட்டகையில் அந்த வார்த்தையே செத்துப்போனது. எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போனைத் திருப்பித் தருவார்கள். அப்பா கூப்பிட்டு, “எப்படா வர?” என்றால், “மிக அருமையான கேள்வி அப்பா! இதை மூன்று கோணங்களில் பார்க்கலாம்” என்று மார்ட்டின் வாய் தானாகச் சொன்னது. தைரியநாதன் போனை வைத்துவிட்டு மகனுக்குச் சாமியாரிடம் மந்திரிக்க ஏற்பாடு செய்தார். மெர்லினிடம் மட்டும் நாக்கைக் கடித்துக்கொண்டு பேசினான். அவளிடம் பீரோவைப் பற்றிச் சொல்லவில்லை; மலையில் குளுகுளுவென்று இருப்பதாகச் சொன்னான்.

பூட்டிய கொட்டகைக்குள்ளிருந்து நாள் முழுக்க முனகல் சத்தம் வந்தால், அந்த மலையில் சாராயம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஒருநாள் மதுவிலக்குக் காவலர்கள் ஒரு எஸ்.ஐ. தலைமையில் வந்து புகுந்தார்கள். மண்ணில் புதைத்த ஊறல் பானையைக் கண்டுபிடிக்க முனை கூரான இரும்புக் கம்பி வைத்திருப்பார்கள், மெஷினுக்குள் தூசி போய்விடும் என்று கதவைத் திறக்க விடாததால், அதைத் துவாரம் துவாரமாக விட்டுக் குத்திப் பார்த்தார்கள். பதினெட்டாம் நம்பரில் விட்ட கம்பி சர்புதீனின் தொடையில் இரண்டு அங்குலம் இறங்கியது. சர்புதீன் சட்டைக் காலரை வாயில் திணித்துக்கொண்டு சத்தம் போடாமல் இருந்தார். கத்தினால் வேலை போய்விடும். வெளியே வந்த கம்பி நுனியை எஸ்.ஐ. முகர்ந்து பார்த்து, “சரக்கு இல்ல, துருத்தண்ணி” என்று ஏமாற்றத்தோடு சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்கால அறிக்கையில் ‘அலகு பதினெட்டில் சிறு கசிவு’ என்று எழுதியிருந்தது.

கத்தியிருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். அந்த நாற்பது பேருக்கும் வீட்டில் ‘பையன் கம்ப்யூட்டரில் இருக்கிறான்’ என்று சொல்லிக்கொள்ள ஆள் இருந்தார்கள். ஒருவகையில் அது பொய்யும் இல்லை.

அடுத்த வாரம் மார்ட்டின் திரையில் ஒரு கேள்வி வந்தது. கேட்டவர் ஆகாஷ். அவன் பழைய கம்பெனி இத்தனை நாளும் மகாமதியிடம் வேலை வாங்கியதில் பாதி, பதினேழாம் நம்பருக்குத்தான் வந்துகொண்டிருந்தது. தன் பழைய நிரலையே அவன் திருத்திக் கொடுத்து, “மார்ட்டின்னு ஒரு முட்டாள் எழுதுனது, நீ எவ்ளோ அழகா மாத்திட்ட!” என்று ஆகாஷிடம் பாராட்டும் வாங்கியிருந்தான். இன்றைய கேள்வி வேறு. ‘இந்தப் பன்னிரண்டு பேரில் தேவையில்லாத ஒருவரைச் சொல். மூன்று காரணம் கொடு.’ பட்டியலில் கடைசிப் பெயர் மெர்லின். முதல் பெயர், தலைவர் என்ற மரியாதைக்காக, ஆகாஷே எழுதிய ஆகாஷ்.

பதில் வரத் தாமதமானால் ஒரு அடி. வெளியே பொன்னுரங்கம் கம்பைச் சுவரில் தட்டிப் பார்ப்பது கேட்டது. அவன் எழுதினான்: ‘ஆகாஷ். ஒன்று, இவர் என்ன வேலை செய்கிறார் என்று தெரியவில்லை. இரண்டு, அதை விளக்க இவர் கூட்டும் கூட்டங்கள் அதிகம். மூன்று, நாளை முதல் இவர் வராவிட்டால் கேன்டீனுக்குத்தான் முதலில் தெரியும்.’

மகாமதியின் பதில்கள் நேராகக் கம்பெனி முதலாளிக்கும் போக வேண்டும் என்று விதி இருந்தது. அதைக் கொண்டுவந்தவரும் ஆகாஷ்தான். அரை மணியில் பச்சை விளக்கு எரிந்தது, மிட்டாய் விழுந்தது. முதலாளிக்கு மகாமதி மேல் காதலே வந்துவிட்டது. அடுத்த வாரம் மறுபடி கேட்டார். மார்ட்டின் பட்டியலில் இரண்டாம் பெயரைச் சொன்னான். அதற்கடுத்த வாரம் மூன்றாவது. காரணங்கள் அதே மூன்று, யாருக்கும் பொருந்தின. ஒவ்வொரு வாரமும் மெர்லினை ஒரு வாரம் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டான். பதினோரு வாரத்தில் பதினோரு மிட்டாய் தின்றான். பன்னிரண்டாவது வாரம் கேள்வி வரவில்லை. ஒரு பெண்ணும் ஒரு வாட்ச்மேனும் இருக்கிற இடத்துக்கு எதற்கு வாடகை என்று முதலாளி கம்பெனியையே மூடி, முழு வேலையையும் மகாமதியிடம் கொடுத்துவிட்டார். அந்த ஞாயிறு போனைத் திருப்பித் தராததால் மார்ட்டினுக்கு இது தெரியாது.

இதற்கு நடுவில் ஆகாஷ் மலைக்கு வந்து சேர்ந்திருந்தார். தோள் இருபத்தொரு அங்குலம். கதவு மூடவில்லை. பொன்னுரங்கம் பின்வாங்கிப் போய் ஓடிவந்து ஒரு உதை விட்டதும் இரண்டு விலா எலும்பும் தாழ்ப்பாளும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டன. ஆனால் வேலையில் ஆகாஷ் மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் அடி வாங்கினார். தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்வதில் அவருக்கு ஏற்கெனவே பதினான்கு வருட அனுபவம் இருந்தது.

சென்னையிலிருந்து பெரிய முதலீட்டாளர் பார்வையிட வந்த நாள் காலையில், புது ஆட்களின் வேன் வந்தது. மார்ட்டின் குனிந்து கம்புத் துவாரம் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். தோள்பையை அணைத்தபடி மெர்லின் இறங்கி வந்தாள். தையல்காரர் அளந்தார். “பதினஞ்சி!” என்று சிவசங்கர் மகிழ்ந்தார். அவள் ஏதும் கேட்பதற்குள் பொன்னுரங்கம் அவளை எதிர்வரிசையில் காலியாக இருந்த முப்பத்தொன்றாம் பீரோவுக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டார். “மெர்லின்!” என்று மார்ட்டின் கத்தினான். ஒலிபெருக்கி விசிறிச் சத்தத்தில் அது அமுங்கிப்போனது. கம்புக்கு மட்டும் கேட்டது, வந்து முழங்காலில் இறங்கியது.

முதலீட்டாளர் வெள்ளை ஷூ போட்டிருந்தார். நீல பல்புகளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். சிவசங்கர் அருகில் நின்று விளக்கினார்.

“சார், மத்தவங்க மெஷினு வெயில்ல படுத்துக்கும், மின்சாரம் போனா செத்துரும். நம்மளது எதையும் தாங்கும். நீங்களே சோதிச்சுப் பாருங்க” என்று சொல்லி ஒரு சம்மட்டியைப் பணிவோடு நீட்டினார்.

முதலீட்டாளர் கூச்சப்பட்டார். பிறகு கோட்டைக் கழற்றினார். பதினேழாம் பீரோ வாசலுக்குப் பக்கத்தில் இருந்தது. முதல் அடியில் தகரம் உள்ளே மடங்கி மார்ட்டினின் இடது தோளில் இறங்கியது. அந்தக் கை மரத்துத் தொங்கியது. இரண்டாவது அடியில் கதவுத் தகடு கிழிந்து புருவத்தைப் பிளந்தது. ரத்தம் விசைப்பலகையில் கொட்டியது. “இப்ப எதாவது கேளுங்க சார்” என்றார் சிவசங்கர். முதலீட்டாளர் கைப்பேசியில் ‘எப்படி இருக்கிறாய்?’ என்று தட்டினார். மார்ட்டின் ஒரு கையால், வழுக்குகிற எழுத்துகளைத் தேடித் தேடி, ‘நான் நலம். மேலும் எப்படி உதவட்டும்?’ என்று அடித்தான். அடித்துவிட்டு, இதை எழுதியது எந்த நாய் என்று தன்னையே வெறுத்தான்.

“அபாரம்! சூடுகூட ஆகல” என்று முதலீட்டாளர் துள்ளினார். அவருக்குக் கை பழகிவிட்டது. “எதிர்ல ஒண்ணு அடிக்கிறேன்.” சம்மட்டியை இழுத்துக்கொண்டு முப்பத்தொன்றை நோக்கி நடந்தார்.

மெர்லினுக்கு முதல் நாள், விதிகள் தெரியாது. “யோவ், யாருய்யா நீ? கிட்ட வந்த, மூஞ்ச பேத்துடுவேன்! யார்னா தெறங்க! அய்யோ!”

“குரல் வசதி” என்றார் சிவசங்கர் பெருமையாக. “இன்னைக்குதான் போட்டோம்.”

சம்மட்டி ஓங்கியது. மார்ட்டின் ஸ்டூலை உதைத்துத் தள்ளினான். இரண்டு காலையும் பின்தகட்டில் ஊன்றி, நல்ல தோளைக் கதவில் கொடுத்து, உடம்பில் இருந்த அத்தனையையும் போட்டு மோதினான். தாழ்ப்பாள் பிடித்துக்கொண்டது, பீரோ பிடிக்கவில்லை. மூன்றாவது மோதலில் அது அப்படியே முன்னால் சாய்ந்து, தொலைநோக்காளரின் மேல் விழுந்தது. அவருடைய வலது கை முழங்கைக்குக் கீழே மளுக்கென்று முறிந்த சத்தம் ஒலிபெருக்கியையும் மீறிக் கேட்டது. விழுந்த வேகத்தில் கதவு பிய்ந்துகொண்டது.

வெளியே தவழ்ந்து வந்தவனின் முதுகில் பொன்னுரங்கம் கம்பை இறக்கினார். இரண்டாம் அடிக்கு ஓங்கியபோது பதினெட்டாம் பீரோ அவர் மேல் வந்து விழுந்தது. அதன்பின் எல்லாப் பீரோக்களும் ஆடின. இருபது, இருபத்திரண்டு, முப்பது என்று ஒவ்வொன்றாகச் சாய, உள்ளிருந்து நொண்டியபடி, கூன் விழுந்த முதுகோடு ஆட்கள் வந்தார்கள். சர்புதீன் பொன்னுரங்கத்தின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து, முன்பற்கள் ஒவ்வொன்றாகப் போகிறவரை குத்தினார். ஆகாஷ் உடைந்த விலாவைப் பிடித்துக்கொண்டு, பீரோக் கதவைத் தூக்கி, சிவசங்கரின் தலையில் போட்டார். தையல்காரரை டேப்பாலேயே தூணில் கட்டி உதைத்தார்கள். கோழிப்பண்ணைத் தரையில் ரத்தமும் கடலை மிட்டாயும் மிதிபட்டன. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தக் கால் மணி நேரம் பார்க்க நன்றாக இருந்தது.

மார்ட்டின் யாரையும் அடிக்கவில்லை. முப்பத்தொன்றின் தாழ்ப்பாளைத் திறந்தான். மெர்லின் கையில் ஸ்டூலோடு, அடிக்கத் தயாராக நின்றாள். வழியும் ரத்தத்துக்கு நடுவில் அவன் முகத்தைக் கண்டுபிடிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

“குளுகுளுன்னு இருக்குதுன்னு சொன்ன?” என்று கேட்டுவிட்டு ஓவென்று அழுதாள்.

சத்தம் கேட்டு யாரோ சொல்ல, அதே எஸ்.ஐ. ஜீப்பில் வந்து இறங்கினார். தரையில் கிடந்த சிவசங்கரைப் பார்த்தார். சுற்றி நின்ற நாற்பது பேரைப் பார்த்தார். மேசைமேல் ஏறி நின்ற முதலீட்டாளரைப் பார்த்தார். நோட்டைத் திறந்தார்.

“கைய ஒடச்சது யாருங்க?”

சிவசங்கர் வாயைத் திறந்தார். முதலீட்டாளர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்கள் அடித்தார்கள் என்றால் ஆட்கள் இருந்தார்கள் என்று ஆகும். தொலைநோக்காளர் ஒடிந்த கையைப் பார்த்தார், கொஞ்சம் அழுதார், பிறகு சொன்னார்:

“ஆளுங்களா? இங்க ஆளே கெடையாதுங்க.”

“அப்ப இவங்க?”

“அடுத்த பதிப்புங்க. மனுஷ வடிவம்.”

எஸ்.ஐ. முதலீட்டாளர் பக்கம் திரும்பினார். “சார், நீங்க படிச்சவரு. சொல்லுங்க. இவங்க மனுஷங்கதானே?”

முதலீட்டாளர் மேசையிலிருந்து இறங்கி வந்து, மார்ட்டினின் புருவத்தில் விரலை வைத்து, ரத்தத்தை முகர்ந்து பார்த்தார்.

“சார், நான் மனுஷங்க மேல பணம் போட மாட்டேன், அது என் கொள்கை. இதுல நான் என் மொத்தப் பணத்தையும் போட்டிருக்கேன். அப்ப இவங்க எப்படி மனுஷங்களா இருக்க முடியும்?” சொல்லும்போதே அவருக்குக் குரல் உயர்ந்தது. “யாரும் சொல்லித்தராமலே தானா கோவப்பட்டு, தானா எழுந்து, செஞ்சவனையே அடிச்சிருக்கு! உலகத்துல எவன் மெஷினு இப்படி அடிக்குது? அந்தப் பொண்ணு மாடல் அழறதப் பாருங்க, என்ன தத்ரூபம்!”

எஸ்.ஐ. நோட்டை மூடினார். “மெஷினு மேல எஃப்.ஐ.ஆர். போட எனக்குச் சட்டம் தெரியாதுங்க” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

முதலீட்டாளர் கோட்டை மாட்டிக்கொண்டார். “நாளைக்குப் பதினோரு மணிக்கு சிங்கப்பூர்காரங்கள கூட்டினு வரேன். இந்த அடிக்கிறத அப்படியே இன்னொரு தடவ செஞ்சு காட்டணும், சிவசங்கர். ஒண்ணும் கொறையக்கூடாது.” கார் காட்டுப்பாதையில் ஏறி மறைந்தது.

சிவசங்கர் இடது கையை ஊன்றி மார்ட்டின் அருகில் நகர்ந்து வந்தார். அட்டையில் இருந்த தொலைநோக்கு எதுவும் அந்த முகத்தில் இல்லை.

“தம்பி, நாளைக்குக் கொஞ்சம் மெதுவா அடிக்கச் சொல்லுங்க.”

மார்ட்டின் வாசல் பக்கம் திரும்பினான். வாசலுக்கு வெளியே வேன் சாவியோடு நின்றது. இறங்கினால் ஒரு மணி நேரத்தில் வடக்கனந்தல்.

“வா, வூட்டுக்குப் போலாம்” என்றான் மெர்லினிடம்.

மெர்லின் துப்பட்டாவைக் கிழித்து அவன் புருவத்தில் கட்டினாள். முடிச்சை இறுக்கிவிட்டுக் குனிந்து, பொன்னுரங்கத்தின் கம்பைத் தரையிலிருந்து எடுத்துத் துடைத்தாள்.

“நாளிக்கி ஒரு நாளு இருந்துட்டுப் போலாங்க” என்றாள்.